கிறிஸ்துமஸ் டியூட்டி சார்ட்

டிசம்பர் பிறந்துவிட்டால் டிப்போவில் எல்லோருக்கும் சார்ட்டக்கா மேல் பாசம் பொங்கிக்கொண்டு வரும். மற்ற பதினோரு மாதமும் "அந்த அம்மா" என்று பேசுகிறவர்கள்கூட ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "அக்கா, சாப்டீங்களா?" என்பார்கள். எந்த டிரைவர் எந்த நாளில் எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று சார்ட் போடுவதுதான் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல், டீசல் வாடை. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் அன்று வண்டிகள் பாதிதான் ஓடும். ஆகவே பாதிப் பேருக்கு வேலை, பாதிப் பேருக்கு வீடு. இதில் முன்பெல்லாம் அடிதடியே நடந்திருக்கிறது. சார்ட்டக்கா வந்த பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். ஒரு கிறிஸ்துமஸ் வேலை என்றால் அடுத்த கிறிஸ்துமஸ் வீடு. மாமனாருக்கு நெஞ்சுவலி, மச்சினிக்கு நிச்சயதார்த்தம் என்று என்ன கதை விட்டாலும் மசிய மாட்டாள். முதலில் பென்சிலில் போடுவாள். நாலு நாள் தள்ளிப் பேனாவில் எழுதிக் கண்ணாடிப் பலகைக்குள் மாட்டிப் பூட்டிவிடுவாள். பேனாவில் ஏறியதை மேனேஜரே வந்து கேட்டாலும் மாற்ற மாட்டாள். அந்த விஷயத்தில் அவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

ஒரு வருடம் வேலை, ஒரு வருடம் வீடு என்ற அந்த முறையை இந்த வருடம்தான் அவள் மீறினாள். மீறியது தன் சொந்தத் தம்பிக்கு எதிராக.

தம்பியும் அதே டிப்போவில் டிரைவர். டிப்போவில் அவனுக்கு வைத்த பெயர் ஹாரன். ஷெட்டில் நின்று பேசினால் கேண்டீனில் டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்ப்பார், அப்படி ஒரு தொண்டை. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்றைப் பேசத் தெரியாது. வயது நாற்பதை எட்டப்போகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறான். ஞாயிறு தவறாமல் வந்து அம்மாவின் கால் நகத்தை வெட்டிவிட்டுப் போவான். அம்மா சார்ட்டக்காவோடு இருக்கிறாள். சார்ட்டக்காவின் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

இரண்டு வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் சாப்பாட்டில்தான் வினை வந்தது. தம்பியின் இரண்டாவது அக்கா சின்னக்கா. அவள் புருஷர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வாட்டிய கோழியை அறுத்துப் பங்கு வைக்கிற உரிமை தன்னுடையது என்று அவரே முடிவு செய்துகொண்டவர். அன்று அம்மாவின் தட்டில் கழுத்துத் துண்டை வைத்தார்.

"எங்கம்மாவுக்குக் கழுத்தா? நெஞ்சுக் கறி யாருக்கு மாமா, கடைக்கு வர்ற கஸ்டமருக்கா?" என்றான் தம்பி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தத் தொண்டையில் சிரிப்பும் சண்டையாகத்தான் கேட்கும். மருந்துக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். அம்மாவைப் பார்க்க யார் எத்தனை தடவை வந்தார்கள், யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள் என்று பேச்சு எங்கெங்கோ போனது. ஒரு கண்ணாடிக் கிண்ணம் உடைந்தது. சின்னக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். கேக் வெட்டாமலே காய்ந்தது. அம்மா அன்று முழுக்கக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

போன வருடம் முறைப்படி தம்பிக்கு வேலை. சாப்பாடு சண்டை சச்சரவு இல்லாமல் நடந்தது. முடிந்து கை கழுவும்போது சின்னக்கா, "இந்த வருஷம் எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு இல்ல?" என்றாள். ஏன் நிம்மதி என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வானேன்?

இந்த வருடம் அக்டோபரிலேயே சின்னக்கா வந்து உட்கார்ந்துவிட்டாள். கையில் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கம். பதற்றமில்லாத கிறிஸ்துமஸுக்கு இப்போதே திட்டம் போடுங்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சார்ட்டக்காவுக்குத் திட்டம் போடச் சொல்லியா தர வேண்டும்? பழைய டியூட்டி சார்ட் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஸ்கேலால் கோடு இழுத்தாள். பதினொன்றே காலுக்குக் கோழி அடுப்பில். பன்னிரண்டுக்குச் சூப். உருளைக்கிழங்கு உரிப்பது பிள்ளைகள். யார் யார் பக்கத்தில் உட்கார்வது என்பதுவரை கட்டம் போட்டாள். அம்மா மேஜையின் ஓரத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிக்கா. தம்பியை எங்க உக்கார வைக்கிறது?" என்றாள் சின்னக்கா.

"உன் வீட்டுக்காரரு பக்கத்துல வேணாம்."

"எதிர்லயும் வேணாம். எதிர்ல உக்காந்தா இன்னும் நல்லாத் தெரியும், யார் தட்டுல என்ன விழுதுன்னு."

"பின்ன சமையல்கட்டுலயா உக்கார வைக்கிறது?"

"நான் அப்படிச் சொன்னேனா? நான் ஒண்ணும் சொல்லலப்பா. போன வருஷம் மாதிரி இருந்தா நல்லா இருக்கும்னு இவரு சொல்றாரு. அவ்ளோதான்."

சார்ட்டக்கா பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு யாரையும் பார்க்காமல், "அவனுக்கு அன்னைக்கு டியூட்டி விழுந்தாலும் விழலாம்" என்றாள்.

சின்னக்கா பத்திரிகைப் பக்கத்தை நாலாக மடித்தாள். சார்ட்டக்கா அம்மாவைப் பார்த்தாள். சீ, என்ன பேச்சு பேசுறே என்று அம்மா ஒரு அதட்டுப் போட்டால் போதும், அந்த நினைப்பை அங்கேயே அழித்துவிடலாம் என்று இருந்தது அவளுக்கு.

அம்மா பட்டாணித் தோலை ஒதுக்கினாள்.

"விழட்டும்" என்றாள்.

அத்தோடு சரி. அதைப் பற்றி அப்புறம் மூன்று பேரும் பேசவில்லை. சின்னக்கா கேக்குக்கு உலர்ந்த பழம் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

நவம்பரில் ஒட்டகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒட்டகம் என்பது ஒரு டிரைவர். வண்டிக்குள் ஏறும்போது தலை இடிக்கிற உயரம். போன கிறிஸ்துமஸ் அவன் வீட்டில் இருந்தான், இந்த வருடம் அவனுக்கு வேலை. சார்ட்டக்காவுக்குச் சாக்குக் கிடைத்துவிட்டது. பென்சிலில் ஒட்டகத்தின் பெயரை அழித்துவிட்டுத் தம்பியின் பெயரை எழுதினாள். ஐந்தாம் நம்பர், மலையடிவாரத்துக் கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்புவது, காலை ஆறரையிலிருந்து மாலைவரை. அழித்த இடத்தில் தாள் மெலிந்து போனது. நாலு நாள் கழித்துப் பேனாவால் எழுதும்போது மை அந்த இடத்தில் மட்டும் ஊறிப் பரவியது. அவளுக்குக் கை கூசியது. ஆனாலும் எழுதினாள், மாட்டினாள், பூட்டினாள்.

தூறல் விழுந்த காலை. பலகை முன்னால் கூட்டம். சார்ட்டக்கா ஜன்னலுக்குள் தலையைக் குனிந்தபடி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய், ஹாரனுக்கு மறுபடியும் டியூட்டி போட்ருக்கு பாரு!"

"போன வருஷமும் அவன்தானே?"

"ஒட்டகத்துக்குக் குழந்தை பொறந்துருக்கில்ல? அதுக்காகத் தம்பியை இழுத்து விட்ருக்காங்க. சொந்தத் தம்பிய்யா! வேற யாராவது செய்வாங்களா?"

"அதான் சார்ட்டக்கா. நம்ம சொல்றோமே, தனக்கு வேண்டியவங்களுக்குத்தான் போட்டுக் குடுப்பாங்கன்னு. இனி அப்படிச் சொன்னா நாக்கு அழுகிடும்."

இதைவிட நாலு பேர் நேருக்கு நேர் திட்டியிருக்கலாம். புகழ்ச்சியைக் கேட்டு அவளுக்கு உடம்பு எரிந்தது. மத்தியானம் கேண்டீன்காரர், தன் கையாலேயே ஒரு டீயைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "நீங்க பெரிய மனுஷி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

தம்பி வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு நனைந்த தலையோடு வந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா, என்னை இப்படி மாட்டி விட்டுட்டியே?"

"ஒட்டகத்துக்குக் கைக்குழந்தைடா…" என்று ஆரம்பித்தாள். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியம்.

"பசங்க சொன்னாங்க. சரிதான். அந்தப் பொண்ணு தனியா என்ன செய்யும்? நீ செஞ்சது கரெக்ட்டுதான்."

"உனக்கு வருத்தம் இல்லையே?"

"வருத்தம் இருக்காதா? இந்த வருஷம் நான் ஒரு முடிவோட இருந்தேன்க்கா. சொன்னா சிரிப்பே."

"சொல்லு."

"மாமா பக்கத்துலயே உக்காந்துக்கணும். அவரு என்ன சொன்னாலும், ஆமா மாமா. மழை பெய்யலையேன்னு சொன்னா, ஆமா மாமா. அம்மா தட்டுல கல்லை வெச்சாக்கூட, ஆமா மாமா. நடுராத்திரி வண்டியில யாரும் இல்லாதப்போ சொல்லிச் சொல்லிப் பழகினேன். போன வாரம் பழக்கதோஷத்துல டிக்கெட் செக்கிங் ஆபீசரைப் பாத்து 'ஆமா மாமா'ன்னுட்டேன்."

அவனே சிரித்தான். கேண்டீன்காரர் திரும்பிப் பார்த்தார். சார்ட்டக்காவும் சிரிக்க வேண்டியதாயிற்று. பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து அதைத் தேடுகிற மாதிரி வெகுநேரம் மேஜைக்கு அடியிலேயே இருந்தாள்.

"அம்மாதான் ஏமாந்துடும். நீ பக்குவமா எடுத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒட்டகம் வந்து நின்றான். ஜன்னலுக்கு ஏற்றபடி பாதியாக மடங்கி நிற்க வேண்டியிருந்தது அவனுக்கு.

"அக்கா, என் மாமியார் வந்துட்டாங்க. குழந்தையை என் கையில குடுக்கவே மாட்டேங்கறாங்க. வீட்டுல நான் சும்மா இடைஞ்சல்தான். ஹாரன் போகட்டும்க்கா. அவன் ரெண்டு வருஷமா அம்மாகூட உக்காந்து சாப்பிடல. எனக்கு மனசு உறுத்துது."

உறுத்த வேண்டியது யாருக்கு, உறுத்துவது யாருக்கு! அந்த நிமிடம் கடவுளே கொடுத்த வாய்ப்பு. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கூடவே கழுத்துத் துண்டும், உடைந்த கிண்ணமும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாவின் முதுகும் வந்து நின்றன. ஆமா மாமா என்று அவன் எத்தனை நிமிடம் தாக்குப்பிடிப்பான்? சூப்புவரைக்குமா?

"பேனாவுல எழுதியாச்சுப்பா" என்றாள்.

"தெரியும்க்கா. ஆனா…"

"உனக்காக மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. போ. போய்க் குழந்தையைப் பாரு."

ஒட்டகம் தலையைச் சொறிந்தான். "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாத்ததே இல்லக்கா" என்று மரியாதையோடு சொல்லிவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸ் அன்று எல்லாம் எழுதி வைத்தபடி நடந்தது. சர்ச்சிலிருந்து வந்ததும் பதினொன்றே காலுக்குக் கோழி அடுப்பில் ஏறியது. பிள்ளைகள் உருளைக்கிழங்கை உரித்தார்கள். பன்னிரண்டுக்குச் சூப். கட்டத்தில் போட்ட இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். வெளியே விட்டுவிட்டு மழை. மருந்துக்கடைக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கத்தியை எடுத்தார். நெஞ்சுக் கறியை அழகாக அறுத்துப் பிள்ளைகளுக்கு வைத்தார், தனக்கு வைத்துக்கொண்டார். சின்னக்காவுக்கு ஒரு தொடை, சார்ட்டக்காவுக்கு ஒரு தொடை. கடைசியில் அம்மாவின் தட்டில் ஒரு இறக்கையும் முதுகெலும்பும் விழுந்தன.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவர் பிறந்த வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் முதல் பங்கு, வயதானவர்களுக்குக் கடைசி. அவ்வளவுதான்.

சின்னக்கா தண்ணீர் ஊற்றினாள். சார்ட்டக்கா தன் தட்டிலிருந்த தொடையைப் பார்த்தாள். எடுத்து அம்மாவுக்கு வைத்தால் அது ஒரு பேச்சாகிவிடும். இத்தனை பாடுபட்டு ஒரு பேச்சும் வராமல் செய்துவிட்டு, தானே ஆரம்பிப்பதா? அம்மா எலும்பிலிருந்து கறியைக் கிள்ளிக் கிள்ளித் தின்றாள். முன்பல் இல்லாததால் வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"இந்த வருஷமும் நல்லபடியா முடிஞ்சுது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஆமா மாமா" என்று ஒரு குரல் சார்ட்டக்காவின் காதுக்குள் கேட்டது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

கேரியரை எடுத்துக் கழுவினாள். தன் தட்டுத் தொடையை அப்படியே முதல் அடுக்கில் வைத்தாள். உருளைக்கிழங்கு, பட்டாணி, மேல் அடுக்கில் கேக். பின்னால் அம்மா வந்து நின்றது தெரிந்தது.

"எங்க போற?"

"மூணு மணிக்கு அவன் வண்டி நம்ம முக்குக்கு வரும்."

அம்மா அலமாரியைத் திறந்து கேக்கில் இன்னொரு பெரிய துண்டு வெட்டினாள். கேரியருக்குள் அது போகவில்லை. கையால் அமுக்கி அமுக்கித் திணித்தாள்.

"நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள். அப்புறம், "வேணாம். ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

ஐந்தாம் நம்பரில் கூட்டமே இல்லை. நடத்துனரும், புது உடுப்பு போட்ட ஒரு குடும்பமும்தான். அவர்களும் நடுவழியில் இறங்கிவிட்டார்கள். அக்காவைக் கண்ணாடியில் பார்த்ததும் தம்பிக்கு முகமெல்லாம் பல்லாயிற்று. வண்டி ஓட்டும்போது பேசக்கூடாது என்பது சட்டம், அதைச் சார்ட்டக்காவே மீற மாட்டாள். ஆகவே கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவன் முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலைக்குப் பின்னால் முடி நரைத்திருந்தது. அவள் இதுவரை கவனித்ததில்லை.

கடைசி நிறுத்தத்தில் பன்னிரண்டு நிமிடம் வண்டி நிற்கும். நடத்துனர் குடையை விரித்துக்கொண்டு சிகரெட் பிடிக்கப் போனார். தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தான்.

"அம்மா நல்லாச் சாப்டுச்சா? மாமா என்ன வெச்சாரு?"

"நல்லா… நல்லாச் சாப்டுச்சு."

"சண்டை கிண்டை?"

"இல்ல."

"பாத்தியா? நான் இல்லன்னா எல்லாம் ஒழுங்கா நடக்குது." தொடையைக் கடித்துக்கொண்டே சிரித்தான். "பேசாம அடுத்த வருஷமும் என்னையே போட்ரு. அம்மாவுக்கு மட்டும் தனியா ஒரு நாள் வந்து நான் சமைச்சுப் போடறேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"நான் வேணும்னுதான்டா உன்னைப் போட்டேன்."

"ஒட்டகத்துக்காகத்தானே? அதான் தெரியுமே."

"ஒட்டகத்துக்காக இல்ல. நீ வீட்டுல இருக்கக் கூடாதுன்னு போட்டேன். அவன் வந்து மாத்திக்கறேன்னு கெஞ்சினான், நான் முடியாதுன்னுட்டேன். சண்டை வரக்கூடாதுன்னு உன்னை வெளிய தள்ளிட்டேன். எல்லாரும் என்னை நேர்மைங்கறாங்க. நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்டா."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மழை கூரையில் தடதடவென்று அடித்தது. அவனுக்குக் கோபம் வந்தால் தொண்டை முதலில் வரும். இப்போது வரவில்லை. கையில் எலும்போடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

ரொம்பச் சின்னக் குரலில் கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

வாழ்க்கையில் அவன் போட்ட சண்டை எல்லாம் யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒரு பதிலுக்காக அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது. பட்டாணித் தோலை ஒதுக்கிய கை அவள் கண்ணுக்குள் வந்தது.

"தெரியாது" என்றாள் அவன் கண்ணைப் பார்த்து. "சார்ட்டைப் பத்தி நான் வந்து சொன்னப்போ அதுக்கு அழுகையே வந்துடுச்சு. என் பையனுக்கு லீவு குடுக்க முடியாத வேலை ஒரு வேலையான்னு கேட்டுச்சு. அப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசல."

"நிஜமா?"

"நான் மட்டும்தான்டா செஞ்சேன். சின்னக்காவுக்குக்கூடத் தெரியாது."

அவன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் இறங்கின. கேக்கைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். அமுங்கிப்போன அந்தக் கேக்கைக் கடைசித் துணுக்குவரை தின்றான். தின்று முடித்துக் கேரியரை மூடி அவள் மடியில் வைத்தான்.

"இறங்குக்கா" என்றான்.

"என்னடா?"

"இந்த வண்டியில வராத. அடுத்த வண்டியில வா. இப்போதைக்கு உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்துக்கிட்டு என்னால ஓட்ட முடியாது."

நடத்துனர் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். அக்காவும் தம்பியும் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பின்சீட்டுக்குப் போனார். சார்ட்டக்கா இறங்கினாள். வண்டி திரும்பிப் போயிற்று.

அடுத்த வண்டி ஐந்தே முக்காலுக்கு. இடையில் ஓட வேண்டிய ஒன்றை, பண்டிகை நாளில் யார் இங்கே வரப்போகிறார்கள் என்று அவள்தான் சார்ட்டில் அடித்திருந்தாள். நிறுத்தத்துக் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்று, சாரலுக்கு முதுகைக் காட்டியபடி போனை எடுத்தாள். டிப்போவுக்குப் போனதும் அவன் முதல் வேலையாக அம்மாவுக்குத்தான் பேசுவான். அதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. அவன் போன் பண்ணுவான். சார்ட்டைப் பத்தி சொன்னப்போ நீ ரெண்டு நாள் என்கூடப் பேசல. அவனுக்கு லீவு போடலன்னு அழுத. புரிஞ்சுதா?"

"எதுக்குடி?"

"எல்லாத்தையும் நான் சொல்லிட்டேன். உனக்குத் தெரியுமான்னு அவன் கேட்டான்மா. அது ஒண்ணைத்தான் கேட்டான்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சிரிப்புச் சத்தமும், மருந்துக்கடைக்காரர் எதையோ விளக்குகிற குரலும் கேட்டன. அம்மா அங்கிருந்து நகர்ந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

"அம்மா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அம்மா, அவன்கிட்ட நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் நினைக்காத. பேசும்மா."

அம்மா பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.